இன்று எழுதும் கேம் எத்தனை ஆண்டு ஓடும்?

புதிய ஸ்மார்ட்போன் தளத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

புதுத் தளம் வருகிறது என்றாலே எனக்குக் கை பரபரக்கும். செயலி எழுதும் கருவித்தொகுப்பான எஸ்டிகே-யை இறக்கி, கணினியிலேயே ஃபோனைப் போல நடிக்கும் எமுலேட்டரைத் திறந்து, ஒரு சிறு சதுரத்தைத் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடவிட்டுப் பார்க்காமல் அன்று தூக்கம் வராது. செயலிகளும் கேம்களும் எழுதித்தான் பிழைக்கிறேன். அந்த ஆசை இன்னும் குறையவில்லை. உங்கள் தளம் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவனாகவே இதை எழுதுகிறேன்.

எங்களை அழைக்கும்போது நீங்கள் முதலில் பேசுவது எண்ணிக்கையைப் பற்றி. ஸ்டோர் திறக்கும் நாளில் எத்தனை செயலிகள் இருக்கும், அதில் எத்தனை கேம்கள் என்று. நான் கேட்பது வேறு. உங்கள் தளத்துக்கு இன்று நான் எழுதும் கேம் எத்தனை ஆண்டு ஓடும்?

இதை ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்போது புதிதாக வந்த ஒரு தளத்துக்குப் புதிர் கேம் ஒன்று எழுதினேன். தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஏழு மாத உழைப்பு. அடுத்த பதிப்பிலேயே, திரையில் படம் வரையும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான நூலகத்தை மாற்றினார்கள். பாதியைத் திரும்ப எழுதினேன். அப்புறம் ஒரு நாள் ஸ்டோரையே மூடிவிட்டார்கள். மூடிய சில வாரங்களில் ஒரு அம்மா மின்னஞ்சல் அனுப்பினார். நூற்றைம்பது கட்டங்களுக்கு மேல் முடித்துவிட்டாராம், ஃபோன் பழுதாகிவிட்டதாம், வேறு ஃபோனில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்று கேட்டிருந்தார். அவர் விளையாடிய கணக்கெல்லாம் அந்தத் தளத்தின் கிளவுடில் இருந்தது. அதை வெளியே எடுக்க எனக்கு எந்த வழியும் இல்லை. "முடியாதும்மா, மன்னிச்சுக்கோங்க" என்று பதில் எழுதினேன். அவர் என்னை நம்பித்தான் அந்தக் கேமை இறக்கியிருந்தார். தளத்தை நடத்தியவர்கள் யாரென்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

எண்ணிக்கை ஒரு தளத்தைக் காப்பாற்றாது என்பதற்குச் சான்று வரலாற்றிலேயே இருக்கிறது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறந்தபோது இருந்தவை சுமார் 500 செயலிகள்தான். அதற்கு முந்தைய ஆண்டு ஐஃபோன் வந்தபோது வெளியார் எழுதும் செயலிகளுக்கே இடமில்லை. இணையப் பக்கமாகச் செய்து கொடுங்கள் என்றார்கள். மறுபக்கம், பிளாக்பெர்ரி 10 வந்தது 2013-ல். செயலிகளைக் கொண்டுவரும் டெவலப்பர்களுக்குப் பணம் கொடுத்தார்கள், ஆண்ட்ராய்டு செயலிகளையும் ஓடவைத்தார்கள். அப்படியும் அது நிலைக்கவில்லை. 2011 ஜூலையில் வெப்ஓஎஸ் என்ற தளத்தில் ஓடும் டேப்லெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்த ஹெச்பி, ஆகஸ்டிலேயே அதை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்காகச் செயலி எழுதத் தொடங்கியிருந்தவர்களின் வேலை அப்போது பாதியில்கூட வந்திருக்காது.

எனக்கு அதிகம் வலிப்பது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன். 2010-ல் அது வந்தபோது கேம் எழுதுவதற்கு எக்ஸ்என்ஏ என்ற கட்டமைப்பைக் கொடுத்தார்கள். சி ஷார்ப் என்ற நிரல் மொழி தெரிந்த ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் ஓடுகிற, குதிக்கிற ஒன்றைச் செய்துவிடலாம். அவ்வளவு அருமையான கருவி அது. 2012-ல் விண்டோஸ் ஃபோன் 8 வந்தது. இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னலையே மாற்றினார்கள். அதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் வாங்கி ஓராண்டுகூட ஆகாத ஃபோன்களுக்கும் அந்தப் பதிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டு, 7.8 என்ற ஓர் ஆறுதல் பதிப்பைக் கொடுத்தார்கள். பழைய கேம்கள் புது ஃபோனில் ஓடின. ஆனால் எக்ஸ்என்ஏ-வுக்கு அதற்கு மேல் வளர்ச்சி இல்லை. அதை நம்பி எழுதப்பட்ட நிரல் கோடுக்கு மறுவாழ்வு கொடுத்தது மோனோகேம் என்ற திறமூல முயற்சி, நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். செயலி எழுதப் பணம் கொடுத்தோம், நாங்களே எழுதியும் கொடுத்தோம், பயனர்கள் போதவில்லை என்று 2017-ல் மைக்ரோசாஃப்டின் ஜோ பெல்ஃபியோர் வெளிப்படையாகவே சொன்னார். அது உண்மைதான். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்: ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட டெவலப்பர் இரண்டாம் முறை காசு கொடுத்தாலும் முழுமனதோடு வரமாட்டார்.

புது நிரல் மொழி கற்பது எங்களுக்குப் பாரமே இல்லை. ஐஃபோனுக்காக ஆப்ஜெக்டிவ் சி கற்றோம், 2014-ல் ஸ்விஃப்ட் வந்தது, கற்றோம். 2017-ல் கூகுள் கோட்லினை ஆண்ட்ராய்டுக்கு ஏற்றுக்கொண்டது, அதையும் கற்றோம். இவற்றில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பழைய கோடும் புதிய கோடும் ஒரே புராஜெக்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஆண்ட்ராய்டின் பழைய மொழியான ஜாவாவில் எழுதிய கோப்பைத் தொடாமலே அடுத்த கோப்பைக் கோட்லினில் எழுதலாம். நான் உங்களிடம் எதிர்பார்ப்பது இந்த மாதிரி மாற்றத்தைத்தான்.

ஒன்றை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், சரி, நிறுத்துங்கள். ஆனால் எப்போது என்று முன்னாலேயே சொல்லுங்கள். ஆப்பிள் 2013-ல் 64 பிட் என்ற புதுவகைச் சில்லுள்ள ஃபோனைக் கொண்டுவந்தது. பழைய 32 பிட் சில்லுக்கு எழுதிய செயலிகள் முற்றிலும் நின்றது 2017-ல், ஐஓஎஸ் 11-இல். நடுவில் நான்கு ஆண்டு. அப்படியும் எழுதியவர் விட்டுப்போன எத்தனையோ சின்னச் சின்ன கேம்கள் அன்று காணாமல் போயின. நான்கு ஆண்டு கொடுத்தே இந்த இழப்பு என்றால், நான்கு மாதம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, எமுலேட்டர் காட்டாத சில விஷயங்கள். ஒரு நொடிக்கு அறுபது ஃபிரேம், அதாவது அறுபது படம், என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எனக்குக் கிடைப்பது 16.6 மில்லிவினாடி. 120 ஹெர்ட்ஸ் திரையில் அதில் பாதி. எமுலேட்டரில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். நிஜ ஃபோனில் பத்து நிமிடம் விளையாடினால் சாதனம் சூடாகி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தொட்டதற்கும் நகர்வதற்கும் நடுவே சின்ன இழுபறி ஒன்று வரும். அதை விரல்தான் முதலில் உணரும். சூடாகப் போகிறது என்பதை, செயலி தளத்தோடு பேசும் வழியான உங்கள் ஏபிஐ எனக்கு முன்கூட்டியே சொன்னால், நிழல்களையும் புகையையும் நானே குறைத்துக்கொள்வேன். சொல்லாவிட்டால் ஆடுபவர் கேமைத்தான் திட்டுவார்.

ஃபோன் அழைப்பு வரும் கணமும் அப்படித்தான். கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது அழைப்பு வருகிறது. பேசி முடித்துத் திரும்பினால் கேம் முதல் திரையில் நிற்கிறது. பின்னணிக்குப் போகும்போது செயலிக்குத் தெரிவிப்போம் என்று ஆவணத்தில் இருக்கும். நினைவகம் நெருக்கடியில் இருக்கும்போதும் அந்தத் தகவல் வருமா, சேமிக்க எத்தனை மில்லிவினாடி கிடைக்கும் என்பது இருக்காது. அந்த ஒரு பத்தியை எழுதிச் சேர்த்துவிடுங்கள், எத்தனையோ பேரின் ஆட்டம் பிழைக்கும்.

இன்னொன்று, தமிழ். உங்கள் மெனுவில் தமிழ் சரியாகவே தெரியலாம். கேமுக்குள் நாங்கள் எழுத்தை நேரடியாகக் கிராஃபிக்ஸாக வரையும்போதுதான் சிக்கல். 'வெ' என்பதில் கொம்பு பார்வைக்கு 'வ'வுக்கு முன்னால் நிற்கும்; கணினியின் சேமிப்பில் 'வ' முதலிலும் கொம்பு பின்னாலும் இருக்கும். இடம் மாற்றி அடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு நூலகம் செய்ய வேண்டும். அந்தக் கதவை உங்கள் கிராஃபிக்ஸ் பக்கம் திறந்துவைக்காவிட்டால், கட்டத்தை முடித்தவருக்குத் திரை நிறைய வரும் 'வெற்றி' என்ற சொல்லில் கொம்பு 'வ'வுக்கும் 'ற்'றுக்கும் நடுவே போய் உட்கார்ந்திருக்கும். இதை நான் என் திரையிலேயே பார்த்திருக்கிறேன். வெளியீட்டுக்கு முன் அந்த ஒரு சொல்லை வரைந்து பாருங்கள்.

விற்பனைப் பணத்தில் ஸ்டோரின் பங்கு எவ்வளவு என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. செயலியை நிராகரித்தால் எந்தத் திரை, எந்த வரி என்று சொல்லுங்கள்; அது போதும். வல்கன் என்ற கிராஃபிக்ஸ் ஏபிஐ இருந்தால், கோடோ, யூனிட்டி போன்ற கேம் உருவாக்கும் எஞ்சின்களிலிருந்து ஏற்றுமதி செய்ய முடிந்தால், வேறு எதையும் நான் கேட்கப்போவதில்லை.

ஆனால் முதல் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். இப்போது வெளியிடும் ஏபிஐ எத்தனை ஆண்டு ஓடும், நிறுத்துவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்பு சொல்வீர்கள், ஸ்டோரை மூடும் நிலை வந்தால் ஆடுபவரின் சேமிப்பை அவர் கையில் எப்படிக் கொடுப்பீர்கள். இந்த மூன்றும் எஸ்டிகே-யின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அந்தப் புதிர் கேமின் கோடு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பக்கம் வெளியான வாரமே அதை உங்கள் தளத்துக்கு மாற்றத் தொடங்குகிறேன். அந்த அம்மாவின் மின்னஞ்சல் முகவரியையும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு கேம் டெவலப்பர்