நமது மாடித்தோட்டச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களையும் சேர்த்துக்கொள்ளக் காரணம், இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவிலும் போகப்போகிறது. அங்கே எல்லோரும் தவறாமல் ஆஜராகிவிடுகிறார்கள்.

முதலில் வழக்கமான விஷயங்கள். ஆடிப்பெருக்கன்று விதை விநியோகம் நடந்தது. மண்புழு உரத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தோம். மாவுப்பூச்சி பற்றி ஒரு பேச்சு நடந்தது, பேச வந்தவர் நன்றாகவே பேசினார். ஜனவரியில் செம்மொழிப் பூங்கா மலர்க் கண்காட்சிக்குப் போய் வந்தோம். செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன, அக்டோபர் கூட்டம் தவிர.

அக்டோபர் 15 அன்று பெய்த மழை நினைவிருக்கும். வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. காரை மேம்பாலத்தில் விட்டுவரப் போனதால் கூட்டத்துக்கு வரமுடியவில்லை என்று சொன்னவர்களை நான் நம்புகிறேன். ஸ்கூட்டர் மட்டும் வைத்திருக்கும் ஓர் உறுப்பினரும் அதே காரணத்தைச் சொன்னார். அதையும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

இனி இந்த ஆண்டின் முக்கியப் பணியான இதய வடிவத் தக்காளிச் சோதனை. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால், "செயலாளர் சங்கக் காசில் வெளிநாட்டுத் தக்காளி வளர்த்துச் சாப்பிட்டார்" என்று ஒரு பேச்சு இரண்டாவது மெயின் ரோடு வரை போயிருக்கிறது. விதையில் பாதி பெங்களூர் நண்பர் ஒருவர் சும்மா கொடுத்தது. மீதிக்கு ஆன செலவு, பொதுக்குழுவன்று நாம் வாங்கும் வடை காபிச் செலவைவிடக் குறைவு.

போட்ட ரகங்கள் நான்கு: இத்தாலியின் குவோரே தி புவே, அன்னா ரஷ்யன், ஹங்கேரியன் ஹார்ட், ஆரஞ்சு ரஷ்யன் 117. பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மூர் பி.கே.எம் 1. இது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. தட்டையான உருண்டை, காம்புப் பக்கம் பச்சைத் தோள், செடி குட்டை, வெயிலுக்கு அசராது. இதனோடு போட்டி போட்டு ஜெயிக்க வேண்டும் என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. எது எதற்கு உதவும் என்று தெரிந்துகொள்ளத்தான் சோதனை.

தக்காளிக்கு ராத்திரி குளிர வேண்டும். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். அதைத் தாண்டி ஏற ஏற மகரந்தம் வலுவிழந்து, பூ காம்போடு உதிரும். சென்னையில் மார்கழி, தையில்தான் இரவு 20, 21 வரை இறங்குகிறது. அதிலும் மொட்டை மாடித் தளம் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே மார்கழியில் பூக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினேன். செப்டம்பர் இரண்டாம் வாரம் விதைப்பு, நவம்பர் தொடக்கத்தில் நடவு. "ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவங்க சொல்லியிருக்காங்களே சார்" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆடியில் விதைத்தால் இந்தச் செடிகள் ஐப்பசி அடைமழையில் பூத்து நிற்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது, அப்புறம் காய் எங்கே பிடிக்கும்?

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று செடிப் பைகளையெல்லாம் மாடிப்படித் திருப்பத்தில் அடுக்கிக் காப்பாற்றினோம். "காப்பாற்றினோம்" என்று பன்மையில் எழுதியிருப்பது சங்க மரபுப்படி. அன்று மாடியில் இருந்தது நானும் எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனும்தான்.

இந்த ரகங்களின் வளர்ப்பில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இலை. பி.கே.எம் இலை அகலமாக, விறைப்பாக நிற்கும். இதய வடிவ ரகங்களில் பலவற்றுக்கு இலை மெலிந்து, ஓரங்கள் தொங்கி, தண்ணீர் காணாத செடி மாதிரிதான் இருக்கும். அது அவற்றின் பிறவிக் குணம். இதை நாற்று கொடுக்கும்போதே அச்சடித்த தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். இருந்தும் ஓர் உறுப்பினர், இலைச்சுருட்டை நோய் வந்துவிட்டது என்று தாமாகவே முடிவுசெய்து, இடுப்புயரம் வளர்ந்திருந்த ஹங்கேரியன் ஹார்ட் செடியை வேரோடு பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டில் உண்மையாகவே வெள்ளை ஈ மொய்த்து, இலை மேல்நோக்கிக் கிண்ணமாகச் சுருண்டு, நுனி மஞ்சளாகிக் கிடந்த பி.கே.எம் செடிக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளை ஈயைப் பிடிக்கும் மஞ்சள் ஒட்டும் அட்டை சங்கத்தில் இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பேன்.

இலை மெலிவாக இருப்பதால் ஒரு கஷ்டம் நிஜமாகவே உண்டு. காய்க்கு நிழல் போதாது. பிப்ரவரி வெயிலிலேயே மேற்குப் பார்த்த காய்களின் தோள் வெளுத்து, காகிதம் போல ஆகிவிட்டது. நிழல்வலை கட்டிய மாடிகளில் இந்தத் தொல்லை இல்லை. செடிகள் வளர்ந்துகொண்டே போகும் வகை, ஆளுயரம் தாண்டும். 20 லிட்டர் பையும் மேலே கயிறும் இல்லாமல் இவற்றை வளர்க்கத் தொடங்க வேண்டாம். காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து பிஞ்சு பிடிப்பது கூடுகிறது.

நுனி அழுகல் குவோரே தி புவேயில்தான் அதிகம். காயின் கூர்மையான அடிநுனி கறுத்துத் தோல் போல இறுகிவிடும். உடனே குழுவில் முட்டை ஓடு வைத்தியம் கிளம்பியது. முட்டையே வாங்காத வீடுகளில்கூடப் பக்கத்து வீட்டில் ஓடு வாங்கி இடித்துப் போட்டார்கள். ஓடு மண்ணில் கரையவே மாசக்கணக்காகும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் அது தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேர வேண்டும். சனி, ஞாயிறு குடம் குடமாக ஊற்றி, திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் போய்விட்டால் நுனிவரை எப்படிப் போகும்? தினமும் ஒரே அளவு தண்ணீர் விட்ட மாடிகளில் அழுகல் வெகு குறைவு.

பொங்கல் முடிந்த கையோடு முதலில் பழுத்தது அன்னா ரஷ்யன். இளஞ்சிவப்பு, 200 கிராம் சுமாருக்கு, அழகான இதய வடிவம். நடவிலிருந்து ஏறக்குறைய 70 நாளில் பழுக்கும் ரகம் என்பதால் குளிர் இருக்கும்போதே பூத்துக் காய்த்துத் தப்பித்தது. ஹங்கேரியன் ஹார்ட்டும் ஆரஞ்சு ரஷ்யனும் பிப்ரவரியில் வந்தன. குவோரே தி புவே எல்லாவற்றுக்கும் கடைசி. முதல் இரண்டு கொத்துகளில் பிடித்ததோடு சரி, மேலே வந்த பூவெல்லாம் மாசி வெயிலில் கொட்டிவிட்டது.

ருசி பார்க்கும் நிகழ்ச்சி பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மாடியில் நடந்தது. வருவதாகக் கட்டைவிரல் உயர்த்தியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்கு முதலில் பழத்தை வெறுமனே, அப்புறம் உப்பு மிளகு தூவி, அப்புறம் தொக்காக, கடைசியில் ரசமாகக் கொடுத்தோம்.

குறுக்கே வெட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நாட்டுத் தக்காளியில் அறை அறையாக விதையும் கொழகொழவென்ற சாறும் இருக்கும். அன்னா ரஷ்யனில் கத்தி கேக்கில் இறங்குவது போல இறங்கியது. உள்ளே முழுக்கச் சதை, ஓரத்தில் கீற்றுப் போல இரண்டு மூன்று இடத்தில் மட்டும் விதை, பலகையில் தண்ணீரே ஓடவில்லை. தக்காளியின் புளிப்பு பெரும்பாலும் விதையைச் சுற்றியிருக்கும் அந்தக் கொழகொழப்பில்தான் இருக்கிறது. அது குறைவாக இருப்பதால் இதய ரகங்கள் நாக்குக்கு இனிப்பாக, சாதுவாகத் தெரிகின்றன.

பச்சையாகச் சாப்பிட அன்னா ரஷ்யனுக்கே முதலிடம். இனிப்பும் உண்டு, பின்னால் ஒரு மெல்லிய புளிப்பும் உண்டு. ஆரஞ்சு ரஷ்யன் வெட்டினால் மஞ்சளும் சிவப்பும் கலந்து பார்க்க அழகு. பழம் சாப்பிடுவது போல இனிப்பு, குழந்தைகள் அதைத்தான் காலி செய்தார்கள். எனக்கு அது கொஞ்சம் திகட்டியது. ஹங்கேரியன் ஹார்ட் வெறும் வாயில் சுமார், உப்பு பட்டதும் எழுந்து நின்றது. குவோரே தி புவே தொக்குக்கென்றே பிறந்தது. நீர் கம்மி என்பதால் பி.கே.எம் வற்றுகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, எண்ணெய் பிரிந்துவிட்டது. கொஞ்சம் புளி சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ரசத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறைத்தேன் என்பார்கள். நான்கு ரகத்திலும் ரசம் எடுபடவில்லை. மூன்றாவது தெரு மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது பருப்புத் தண்ணிப்பா, ரசம் எங்கே?" என்றார். பி.கே.எம் ரசம் மட்டும் அடுத்த நிமிஷம் தீர்ந்துபோனது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு சோதனையே தோல்வி என்று வராதவர்கள் குழுவில் எழுதினார்கள். ரசம் மட்டுமே சமையல் என்றால் அவர்கள் சொல்வது சரி. வந்து தொக்கைச் சாப்பிட்டவர்கள் யாரும் அப்படி எழுதவில்லை என்பதைப் பொதுக்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

"இவ்வளவு பாடுபடுவதற்கு அர்கா ரக்ஷக் தக்காளி போட்டிருக்கலாமே" என்றும் ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடு, இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். ஆனால் அது வீரிய ஒட்டு ரகம், பழத்தில் விதை எடுத்துப் போட்டால் அதே செடி வராது. நாம் போட்ட நான்கும் விதை எடுத்துவைக்கக்கூடியவை. பழத்துக்கு விதை கொஞ்சம்தான் என்பதால் நல்ல பழங்களைச் சாப்பிடாமல் ஒதுக்கி, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அலசி, நிழலில் காயவைத்திருக்கிறேன். சங்கத்துக்கு இது சொத்து. இதை யாரும் குழுவில் எழுதவில்லை.

அடுத்து சந்தா. 2023 ஜூலையில் கோயம்பேட்டிலேயே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்த மாதம் நம் சங்கத்தில் சேர்ந்தவர்கள் ஏராளம். விலை இறங்கியது, அவர்கள் சந்தாவும் நின்றுபோனது. ஆண்டுச் சந்தா 600 ரூபாய், மாதத்துக்கு 50. ஒரு தட்டு பஜ்ஜிக்கு இதைவிட அதிகம் ஆகிறது. இருந்தும் உறுப்பினர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இந்த ஆண்டு கட்டவில்லை. சிலர் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது. நாற்று விநியோகத்தன்று முதல் ஆளாக வந்து இரண்டு தட்டு அதிகம் வாங்கிப்போனவர்களும் அதில் இருக்கிறார்கள்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கின்றன, கையிருப்பாக ஒரு சிறு தொகை நிற்கிறது. உரக் கணக்கில் இருக்கும் சிறு வித்தியாசம் சாக்குச் செலவு சம்பந்தப்பட்டது. ரசீது தேடிக்கொண்டிருக்கிறோம்.

நன்றி தெரிவிக்க வேண்டியவர்கள்: வழிகாட்டிய தலைவர் அவர்கள், கணக்கைக் கவனித்த பொருளாளர் அவர்கள், கூட்டத்துக்கு இடம் கொடுத்த குடியிருப்போர் நலச் சங்கத்தார், தொக்குக்கு நல்லெண்ணெய் கொடுத்த மூன்றாவது தெரு மாமி, புயலன்று பை தூக்கிய வாட்ச்மேன்.

அடுத்த ஆண்டுக்கான என் பரிந்துரை: குவோரே தி புவேயை நிழல்வலை உள்ள மாடிகளுக்கு மட்டும் கொடுக்கலாம், அன்னா ரஷ்யனை எல்லோருக்கும் கொடுக்கலாம். ரசத்துக்கு வீட்டுக்கு ஒரு பி.கே.எம் செடி இருக்கட்டும். நிழல்வலையைச் சங்கம் மொத்தமாக வாங்கினால் மலிவு, அதற்குக் கையிருப்பு போதாது. செயலாளர் பொறுப்பில் நான் நீடிப்பது பற்றியும் பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். விருப்பமுள்ளவர் யாராக இருந்தாலும் தாராளமாக முன்வரலாம். குறிப்பேடு, ரப்பர் ஸ்டாம்ப், விதைப் பொட்டலங்கள், சந்தா பாக்கிப் பட்டியல் எல்லாவற்றையும் அன்றே ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே பார்த்துக்கொள்கிறேன்.

விதைப்பு வழக்கம்போல செப்டம்பர் இரண்டாம் வாரம். சந்தா கட்டியவர்களுக்கு நாற்று முதலில் கிடைக்கும், மீதியிருந்தால் மற்றவர்களுக்கு. இந்த முறை மீதியிருக்கும் என்று தோன்றவில்லை. பணத்தைப் பொருளாளருக்கு ஜிபேயில் அனுப்பலாம். ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்ப வேண்டாம், பணத்தை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்
நங்கநல்லூர், சென்னை