தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பி,

நேற்று போனில், "மூணு நாளா சிகரெட்டைத் தொடலம்மா, தலை வெடிக்குது" என்றாய். எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த முதல் சில நாள்தான் பொல்லாதது. எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் உச்சத்துக்குப் போய், அப்புறம் வாரக்கணக்கில் மெல்ல இறங்கும்.

அப்பா விட்ட கதை உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போதே கோலாலம்பூருக்குப் போய்விட்டாய். 2019 ஜனவரி 1-இல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தது. பசியாறும்போது பாதியில் எழுந்து, 3 மீட்டர் தள்ளி ரோட்டோரம் வெயிலில் நின்று ஊதிவிட்டு வருவார். டீ ஆறிப் போயிருக்கும். ஒரு நாள், "எழுந்ததுதான் எழுந்தீங்க, அப்படியே நடப்போம் வாங்க" என்று கையைப் பிடித்தேன். பத்து நிமிடம், மூச்சு வாங்குகிற வேகத்தில் நடந்தோம். திரும்பி வந்ததும், "இப்போ வேணாம்" என்றார். எனக்கு அந்த 'இப்போ' போதும். தவிப்பு சில நிமிடம்தான் தலைதூக்கும். வேகமாக நடக்கும்போதும், நடந்து முடித்துக் கொஞ்ச நேரமும் அது அடங்கிக் கிடக்கும். மறுபடி வந்தால் மறுபடி சப்பாத்தை மாட்ட வேண்டியதுதான்.

பிறகு நம்ம பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படி. மொத்தம் 513. முதல் நாள் நூறு தாண்டுவதற்குள் இருமி இருமி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பல மாதம் கழித்து உச்சிக்குப் போனதும் சாமியைக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "இருமல் வரல, பார்த்தியா?" என்றார்.

ஆனால் குடி விஷயம் வேறு, தம்பி. அதை நடந்தே விரட்டிவிடலாம் என்று நினைக்காதே. தினமும் நிறையக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்பா வீம்பாக நிறுத்திய மறுநாள் காலை, டீ கிளாஸ் தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்துப் படுக்க வைத்துத்தான் சரியாக்கினார்கள். நடை அதற்கப்புறம்தான் உதவியது. கூட்டாளிகள் கூப்பிடுகிற சாயங்கால நேரத்துக்கு நாங்கள் மலையடிவாரத்தில் இருப்போம். கிளாஸைத் தொட்டால் சிகரெட்டும் பின்னாலேயே வரும் என்பது உனக்கே தெரியும்.

உனக்குக் காலையில் கை நடுங்குகிறதா? என்னிடம் மறைக்காதே. நடுங்கினால் நீயாகக் குடியை நிறுத்தாமல் முதலில் டாக்டரைப் பார். சிகரெட்டுக்கும் அரசாங்கக் கிளினிக்கில் உதவி கேள். நிகோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை எல்லாம் இருக்கிறது. நடையோடு அதுவும் சேரட்டும், அதில் வெட்கம் என்ன?

சாயங்காலம் தித்திவங்சா ஏரியை ஒரு சுற்று சுற்றி வா. வரும் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். ஞாயிறு காலை செந்தூலில் கொமுட்டர் இரயில் ஏறி பத்துமலை முருகன் கோயிலுக்குப் போவோம். அங்கே 272 படிதான். உன்னோடு ஏற வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். சனிக்கிழமை நாங்கள் வருவது எத்தனை மணி இரயில் என்று அவரே கூப்பிட்டுச் சொல்வார். அன்றைக்கு இரவுக்கு வெளியே எதுவும் வாங்காதே, நான் சமைத்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா