குடியை நிறுத்தும் நாளில் மருத்துவர் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுவும் கஞ்சாவும் உடலையும் மனத்தையும் எப்படிக் கெடுக்கின்றன என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிப்புகளைச் சொன்ன பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் முடிவில் இரண்டு பழக்கத்துக்கும் சேர்த்து, 'இன்றே நிறுத்துங்கள்' என்று ஒரே அறிவுரை. போதை மீட்பு வார்டில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கும் என்னால் அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மது இருக்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் இயங்குகிறது. மது மூளையை மந்தப்படுத்துகிறது; அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. மதுவைச் சட்டென்று விலக்கினால் அந்தக் கிளர்ச்சியை அடக்க எதுவும் இல்லை. சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி பேதலிக்கும். சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டுவார், இறந்துபோனவரோடு பேசுவார், பெற்ற பிள்ளையைப் பார்த்து யார் என்பார். காய்ச்சலும் இரத்த அழுத்தமும் ஏறும். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

இந்த நிலையில் எங்களிடம் வருபவர்களில் பலரைக் கொண்டுவருவது அக்கறையுள்ள குடும்பங்கள்தாம். "அறையில் வைத்துப் பூட்டினோம், முதல் நாள் நன்றாகத்தான் இருந்தார்" என்பார்கள். ஒரு தாய், மகன் நடிக்கிறான் என்று எண்ணி ஒரு பகல் முழுவதும் கதவைத் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுத்தச் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். நிறுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த நாள்களை மருந்துகளின் துணையோடு பத்திரமாகக் கடத்த முடியும். அதற்காகத்தான் எங்கள் வார்டே இருக்கிறது.

வீட்டார் கவனிக்கத் தவறும் இன்னொன்று வைட்டமின் பி1 குறைபாடு. தொடர்ந்து குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் இந்தச் சத்தைக் குடல் உறிஞ்சுவதை மது கெடுக்கிறது. நடை தள்ளாடுவது, கண்ணின் அசைவு பிசகுவது, குழப்பம் ஆகிய அறிகுறிகளை வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். பார்ப்பவர்களுக்கு இது போதை போலவே தெரியும் என்பதுதான் கொடுமை. 'தூங்கட்டும், தெளிந்துவிடும்' என்று விட்டுவிடுகிறார்கள். உடனே ஊசியாகப் பி1 செலுத்தினால் மீளலாம். தாமதித்தால் புதிய நினைவுகள் பதியாமலே போகலாம். காலையில் என்னோடு பேசிய ஒருவர் அரை மணி நேரத்தில் "நீங்கள் புதிதாக வந்தவரா?" என்று கேட்டிருக்கிறார். நேற்று எங்கே இருந்தீர்கள் என்றால், போகாத பயணத்தை விவரமாகச் சொல்வார். ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. காணாமல்போன நினைவின் இடத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

கல்லீரலைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுப்பு படிந்த நிலையில் குடியை விட்டால் சில வாரங்களிலேயே அது தேறத் தொடங்கும். தழும்பேறிச் சுருங்கிய பிறகு வந்தால் எங்களால் செய்ய முடிவது குறைவு.

கஞ்சாவை நிறுத்தும்போது இப்படிப்பட்ட உயிராபத்து பொதுவாக இல்லை. அதன் போதைப்பொருள் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லத்தான் வெளியேறுகிறது. தூக்கம் கெடும், எரிச்சல் மிகும், பசி போகும், கனவுகள் அலைக்கழிக்கும். பெரும்பாலும் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய் அடுத்த சில வாரங்களில் தணிந்துவிடும். இதைத் தாங்க முடியாமல்தான் பலர் திரும்பப் புகைக்கிறார்கள். சில இளைஞர்கள் தூக்கத்துக்காக மதுவுக்குத் தாவுகிறார்கள். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். ஆகவே அளவுதான் கூடுகிறது.

செடிதானே, என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்வீடனில் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. கஞ்சாவை மிகுதியாகப் பயன்படுத்தியிருந்தவர்களிடம் மனச்சிதைவு நோய், அதைத் தொடாதவர்களைவிட ஆறு மடங்கு காணப்பட்டது. கஞ்சா மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். புகைப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்நோய் வருவதில்லை. ஆனால் குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களும் பதின்ம வயதில் தொடங்குபவர்களும் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நடுங்கும் பிள்ளையைப் பார்த்தவர்கள் செடி என்று சொல்ல மாட்டார்கள்.

நீண்ட காலம் புகைப்பவர்கள் சிலருக்கு அடங்காத வாந்தி வரும். சுடுநீரில் குளித்தால் மட்டும் சற்றுத் தணியும். திட்டு வாங்குவோமோ என்று பழக்கத்தை மறைப்பதால் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தும் காரணம் தெரியாமல் அலைகிறார்கள்.

இனி இது குறித்துக் கட்டுரை வெளியிடும்போது, தினமும் குடிப்பவர் மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும் என்பதையும், வலிப்பு, பிதற்றல், காய்ச்சல், கண் அசைவில் பிசகு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் தனியாகக் கட்டமிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போதை மீட்புப் பிரிவுச் செவிலியர் ஒருவர்