‘போராளி’ பட்டம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் பற்றிய செய்தி என்றாலே ‘போராடி வென்றார்’ அல்லது ‘போராடித் தோற்றார்’ என்று தலைப்பு வந்துவிடுகிறது. சிகிச்சையில் இருப்பவரும் அதை வாசிக்கிறார். கீமோ முடிந்து எழ முடியாமல் படுத்திருக்கும் நாளில், ‘என் முயற்சி போதவில்லையோ’ என்று தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறார். மனவுறுதி குறைந்ததால் நோய் பரவுவதில்லை. தயவுசெய்து அந்தச் சொற்களை விட்டுவிடுங்கள்.

நோயை ஏற்றுக்கொள்வது என்றால் கைகட்டி உட்கார்ந்துவிடுவது அல்ல. ‘எனக்கு ஏன்?’ என்பதிலிருந்து ‘இதை வைத்துக்கொண்டு இன்றைய பொழுதை எப்படி நடத்துவது?’ என்பதற்கு மெல்ல நகர்வது. ஒரே நாளில் நடக்காது. ஸ்கேன் தேதி நெருங்கும்போது பழைய பயம் திரும்பவும் வரும். அது இயல்பே.

இதை அளக்க ஃபெல்டனும் சக ஆய்வாளர்களும் 1984-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. 8 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 8 முதல் 40 வரை வரும். மதிப்பெண் கூடினால் ஏற்பும் கூடுதல் என்று பொருள். அதில் மரணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிடித்ததைச் செய்ய முடியவில்லை, பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது, வீட்டுக்குப் பாரமாகிவிட்டேன் என்பவைதான் அந்த வாக்கியங்களின் சாரம்; ‘எனக்கு அப்படி இல்லை’ என்று சொல்லச் சொல்ல மதிப்பெண் கூடும்.

விழுந்து விழுந்து கவனிக்கும் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். அன்பினால் நோயாளியின் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் உறுதிப்படுகிறது. மாத்திரை நேரத்தைக் குறித்து வைப்பது, ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தேதிவாரியாக ஃபைலில் அடுக்குவது, டாக்டரிடம் கேட்க வேண்டிய 3 கேள்விகளை எழுதுவது ஆகியவற்றை அவரிடமே விடுங்கள். சில கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும். சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க 5 நிமிடம் ஆகலாம். உதவி கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

உடம்பு செய்வதை மனத்தின் குறை என்று நினைத்துவிடவும் கூடாது. வாந்தியைத் தடுக்க கீமோவோடு தரும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலை உண்டாக்கும். நிறுத்தியதும் சிலர் துவண்டுபோவார்கள். அந்த நாட்களை வைத்து ‘மனம் தளர்ந்துவிட்டார்’ என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மருந்தைக் காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடங்காத வலியும், கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்குப் பின்னாளில் வரக்கூடிய தைராய்டு குறைவும் மனச்சோர்வு போலவே தோன்றும்.

ஆனால் எதிலும் நாட்டமின்மையோ மனச்சோர்வோ பெரும்பாலான நாட்களில், 2 வாரமாக நீடித்தால், அதை ஏற்பு என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

‘தைரியமா இருங்க’ என்ற சொல்லோடு பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பதில், ‘இந்த வாரம் மனக்கஷ்டம் 0-லிருந்து 10-க்குள் எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். 4 அல்லது அதற்கு மேல் சொன்னால், அடுத்த முறை வரை காத்திருக்காமல் சிகிச்சைக் குழுவிடம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோயாளிகளுக்கான மனநல ஆலோசகர்கள்