டிக்கியில் சப்வூஃபர்

சென்னை

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். கட் ஆஃப், காலேஜ் தவிர வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அதிலிருந்து தப்பிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் காருக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம். உன் வேகன் ஆர் காரில், தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரை 12 இஞ்ச்சில் வைக்கலாமா என்று எழுதியிருக்கிறாய். தாராளமாக வைக்கலாம், ஆனால் டிக்கி போய்விடும். தஞ்சாவூரிலிருந்து அரிசி மூட்டையோடு வருகிற ஆளுக்கு அது சரிப்படாது. என் காரில் இருப்பது 10 இஞ்ச்தான், அதுவே போதும். காருக்குள் இருக்கும் சின்ன இடமே தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஹாலில் வைத்தால் சோனியாகக் கேட்கும் வூஃபர், கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள் முழங்கும்.

பெட்டி மூடியதாக இருக்கட்டும். ஹாஸ்டலில் 4440 ஐசி ஆம்ப் போர்டு வாங்கி, மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துக் கேட்டோமே, அந்தச் சங்கதிதான் இதுவும். ஸ்பீக்கருக்குப் பின்னால் அடைபட்ட காற்று அதன் கோனை, அதாவது முன்னும் பின்னும் ஆடும் கூம்பை, பிடித்து நிறுத்தும். ஓட்டை வைத்த போர்ட்டட் பெட்டியில் சத்தம் இன்னும் கூடும்தான். ஆனால் பெட்டி பெரிதாகும், ஒரு அளவுக்குக் கீழே கோன் கட்டுப்பாடில்லாமல் ஆடும், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. நீ கேட்பதோ தவிலும் மிருதங்கமும். தொப்பியில் விழும் அடி சட்டென்று நிற்க வேண்டும் என்றால் மூடிய பெட்டிதான்.

ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், வாங்கும்போது அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1200 வாட்டை நம்பாதே, தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்டான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று பார். அது 300 இருந்தால் தாராளம். மிச்சப்படும் காசை வயரில் போடு. ரிச்சி தெருவில் ஒரு கடையில், பார்க்கத் தடியாகப் பளபளவென்று இருந்த பவர் வயரின் ஒரு இழையை பிளேடால் சுரண்டிக் காட்டச் சொன்னேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! கடைக்காரப் பையன் சிரித்துக்கொண்டே வேறு சுருளை எடுத்தான். உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் சொல், நான் வாங்கி அனுப்புகிறேன்.

பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். அது ஆம்புக்கான பாதுகாப்பு இல்லை, வயருக்கானது. வயர் வழியில் எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால், ஃபியூஸ் இல்லாத வண்டி எரிந்தே போகும். எர்த் வயரை டிக்கிப் பக்கமே பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று தெரியும் இரும்பில் முடுக்கச் சொல். பவர் வயர் ஒரு பக்கமும், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர் மறுபக்கமும் போகட்டும். எர்த் சரியில்லை என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஙொய்ங் என்று ஒரு சத்தம் ஏறிக்கொண்டே வரும்.

ஃபிட்டிங் செய்பவர்கள் இதுவரைக்கும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். ஆம்பில் இருக்கும் கெயின் திருகு விஷயத்தில்தான் கோட்டை விடுவார்கள். அவர்களைச் சொல்லியும் பயனில்லை, வருகிறவன் எல்லாம் 'அதிரணும்ணே' என்றுதான் கேட்கிறான். கெயின் என்பது வால்யூம் திருகு இல்லை. ஸ்டீரியோவிலிருந்து வரும் வோல்டேஜுக்கு ஆம்பைப் பொருத்துவது, அவ்வளவுதான். அதை முழுக்கத் திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் சூடேறிக் கருகும்.

ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள். வூஃபர் வயரைக் கழற்று. பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கு வை. ஆம்பின் ஆர்எம்எஸ் வாட்டை வூஃபரின் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடு. 300 வாட், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்து, அந்த எண் வரும்வரை கெயினைத் திருகி அங்கேயே விட்டுவிடு. வீட்டுக் கரண்டும் 50 ஹெர்ட்ஸ்தானே, அதனால் சாதாரண மீட்டரே சரியாகக் காட்டும்.

அப்புறம் வூஃபர் வயரை மறுபடி மாட்டி, அதற்குத் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸை 80 ஹெர்ட்ஸில் வை, கதவு ஸ்பீக்கர்களுக்கு மேல் ஒலியை மட்டும் விடும் ஹை பாஸும் அதே 80. வூஃபரின் ஆட்டத்தைத் திருப்பிப் போடும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கேள். எதில் பேஸ் கனமாக விழுகிறதோ அதுதான் சரி. அப்போது சத்தம் பின்னால் இருந்து வருவதே தெரியக் கூடாது, தவில்காரர் டேஷ்போர்டு மேல் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்க வேண்டும். டிக்கி இருக்கிறது என்று காது சொன்னால் ஸ்டீரியோவில் சப் லெவலை இன்னும் குறை. எனக்கு இதில் பாதி நேரம் நம்பர் பிளேட்டிலேயே போனது. அது தடதடத்ததை நான் வூஃபர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஃபோம் டேப் ஒட்டியதும் அடங்கிவிட்டது.

சிக்னலில் பக்கத்து வண்டியின் கண்ணாடி நடுங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு நிற்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை, அவர்கள் வூஃபரை நினைத்துத்தான் பாவமாக இருக்கிறது. வயசாகிவிட்டதடா.

உன் மச்சான் கொடுத்த வூஃபர் இரட்டைக் காயில் என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் 4 ஓம் என்றால் இணையாகக் கட்டினால் 2, தொடராகக் கட்டினால் 8. சில ஆம்புகள் 2 ஓமைத் தாங்காது. வூஃபருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை ஆம்புக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமார்