செட்டிபாளையத்தில் எங்களுக்கு உதவிய பெரியவருக்கு நன்றி

காங்கேயம் பக்கம் எங்கள் பழைய பண்ணையத்தையும், மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலைக் கிணற்றையும் மீட்க, கோவை செட்டிபாளையத்தில் நண்பர்கள் கோல்ஃப் போட்டி நடத்தி நிதி திரட்டினார்கள். விளையாடியவர்கள், பணம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே நன்றி சொல்லிவிட்டோம். ஒருவருக்கு மட்டும் சொல்லவில்லை.

பதினெட்டுக் குழிக்கும் புல் வெட்டிச் சமன் செய்த காக்கிச் சட்டைப் பெரியவர் அவர். பார்வைக்கு வைத்திருந்த கவலை உருளையில், வடம் தேய்ந்த பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். "எங்கப்பன் கவலை ஓட்டுனவருங்க அம்மிணி. கெணத்தக் கட்டறீங்க, சரி. வேலிய உட்டுப்போட்டீங்களே?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிக் கிளுவை வேலி, இது மூன்றும் சேர்ந்தால்தான் கொரங்காடு, அதாவது எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடு. வேலி இல்லாவிட்டால் மாட்டை அவிழ்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா? எங்கள் திட்டத்தில் வேலிக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு விடியும்போது டிவிஎஸ் வண்டியில், ஊன்றுவதற்கு வெட்டிய கிளைகளான கிளுவைப் போத்துக் கட்டோடு வந்து இறங்கினார். பொழுது சாயும்வரை கடப்பாரை பிடித்தார். கூலியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மோர் மட்டும் ரெண்டு சொம்பு குடித்தார். பேரைக் கேட்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

ஐயா, போத்து துளிர்த்துவிட்டதுங்க. தெக்கால மூலையில் நீங்கள் கடைசியாக ஊன்றியதுதான் முதலில் இலை விட்டது. ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.