விசாரணை அறையை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் குற்றப் புலனாய்வுப் படங்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் திரைக்கதை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் படைப்புகளை விடாமல் பார்த்துவரும் பார்வையாளன் என்ற உரிமையில், ஒரே ஒரு பொருளைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் கதைகளில் வரும் விசாரணை அறையைப் பற்றியது அது. சந்தேக நபரை நாற்காலியில் உட்கார வைக்கிறீர்கள். தலைக்கு மேல் ஒற்றை விளக்கு தொங்குகிறது. அதிகாரி சட்டைக் கையை மடித்து விடுகிறார். ஓரிரு அடி, ஒரு மிரட்டல், ஒரு நீண்ட மௌனம். அதன்பின் அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள, அவன் சொல்வதைக் கேமராவும் மறுபேச்சின்றி நம்பி, நடந்தவை அனைத்தையும் ஃப்ளாஷ்பேக்கில் காட்டத் தொடங்குகிறது. புதிர் அவிழ்ந்துவிட்டது, வழக்கும் முடிந்துவிட்டது என்று நாங்களும் எழுந்து வீட்டுக்குப் போகிறோம்.

அந்த அறையில் கிடைக்கும் ஒப்புதலைப் புதிரின் விடையாக வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். இதை விளக்க, 1981இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்தைத் துணைக்கு அழைக்கிறேன். குளோது மில்லேர் இயக்கிய அந்தப் படத்தின் பெயர் ‘கார்த் ஆ வ்யூ’. காவலில் வைத்து விசாரிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சட்டச் சொல் அது. அதன் முடிவைச் சொல்லாமல் என் வாதத்தை முன்வைக்க இயலாது. வெளிவந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட படம் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள் என நம்புகிறேன். இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் மடலை இங்கேயே மூடிவைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தபின் திரும்பி வாருங்கள்.

பிரான்சின் வடகடலோர ஊரான ஷெர்பூரில் ஆண்டின் கடைசி இரவு. வெளியே ஓயாத மழை. இரண்டு சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட மார்த்தினோ என்ற நோட்டரி, புத்தாண்டு விருந்துக்கு உடுத்திய கறுப்பு உடையும் கழுத்துப் பட்டியுமாக ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். (நம்மூரில் கோர்ட் வாசலில் முத்திரை குத்தித் தரும் நோட்டரியை நினைத்துக்கொள்ளக் கூடாது, பிரான்சில் சொத்துப் பத்திரங்களையும் உயில்களையும் கையாளும், செல்வமும் செல்வாக்கும் உள்ள பதவி அது.) எதிரே லீனோ வெந்த்யூரா நடித்த இன்ஸ்பெக்டர் காலியேன். பக்கத்தில் தட்டச்சுப் பொறியின் முன் இளைய அதிகாரி பெல்மோன். ஏறத்தாழ முழுப் படமும் இவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில், சாட்சியாக வந்தவர் மெல்ல மெல்லச் சந்தேக நபராகிறார். அந்த மாற்றம் எந்தக் கேள்வியில் நிகழ்ந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி எழுதியிருக்கிறார்கள். மிஷேல் ஓதியார் எழுதிய வசனங்களின் கூர்மைக்குப் பிரான்சில் இன்றும் பெரும் புகழ் உண்டு. மார்த்தினோவாக நடித்த மிஷேல் செரோவுக்கும் பெல்மோனாக நடித்த கீ மார்ஷானுக்கும் 1982இல் பிரெஞ்சுத் திரையுலகின் செசார் விருதுகள் கிடைத்தன.

காலியேன் முரடர் அல்லர் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் குரல் உயர்வதே அரிது. நேரம் என்ன, வழி எது, அங்கே ஏன் போனீர்கள் என்று ஒரே விவரத்தை வேறு வேறு பக்கங்களிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறார். மார்த்தினோ முதலில் ஏளனமாகப் பதில் சொல்கிறார்; போலீஸ்காரனின் சம்பளத்தையும் தன் அந்தஸ்தையும் உள்ளூர ஒப்பிட்டுப் பார்க்கும் மனிதரின் ஏளனம் அது. காலியேன் சற்றே வெளியே போன வேளையில் பெல்மோன் அவரை அடித்துவிடுகிறான். ஆனால் படம் அந்த அடியில் தங்குவதில்லை, அடியால் உண்மை வெளிவருவதுமில்லை. அவரை உடைப்பது வேறொன்று. ரோமி ஷ்னைடர் நடித்த மனைவி ஷந்தால் ஸ்டேஷனுக்கு வந்து, இன்னோர் அறையில் அரையிருட்டில் அமர்ந்து, தங்கள் மணவாழ்வு செத்துப்போன கதையைக் காலியேனிடம் சொல்கிறாள். வீட்டில் இருவருக்கும் தனித்தனிப் படுக்கையறைகள். நடுவே ஒரு நீண்ட நடைக்கூடம். அதன் மறுமுனையில் எப்போதும் சாத்தப்பட்ட கதவு. சொந்தக்காரச் சிறுமி ஒருத்தியிடம் கணவர் பேசிய விதத்தைக் கண்டு தன் மனம் அவரிடமிருந்து விலகியதாகச் சொல்கிறாள். அவள் சொல்வதில் எந்தக் கொலைக்கும் சான்று இல்லை. ஆயினும் அது அவர் காதுக்கு எட்டிய பிறகு, மறுப்பதற்கான காரணமே அவரிடம் தீர்ந்துவிடுகிறது. களைத்துப்போய், ஆமாம், நான்தான் செய்தேன் என்கிறார்.

இந்த இடத்தில்தான் நம் படங்கள் முடியும். மில்லேரின் படமோ இங்கேதான் தன் உண்மையான புதிரைத் திறக்கிறது. திருட்டுப்போன ஒரு காரின் டிக்கியில் சடலம் ஒன்று கிடைக்க, குற்றவாளி வேறொருவன் என்று தெரியவருகிறது. மார்த்தினோ நிரபராதி. அவரை விடுவிக்கிறார்கள். வெளியே காரில் காத்திருந்த ஷந்தால் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்துகிடக்கிறாள். யார் கொன்றது என்ற கேள்விக்குப் படம் ஒதுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். செய்யாத கொலையை ஒரு மனிதர், அதுவும் படித்த, சட்டம் தெரிந்த, பணமுள்ள மனிதர், ஏன் செய்ததாகச் சொன்னார் என்ற கேள்விதான் அதன் முழு நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. இதன் மூலநாவலை எழுதிய ஜான் வெயின்ரைட் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் காவல்துறையில் பணியாற்றியவர். வாக்குமூலம் எப்படி உருவாகிறது என்பது அவருக்கு மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

படத்தில் சில நொடிகளே வந்துபோகும் வெளிக்காட்சிகள் உண்டு. அவை எதையும் உறுதிசெய்வதில்லை. சொல்லப்படுவதைக் கேட்பவரின் மனத்தில் தோன்றும் படங்களாகவே மின்னி மறைகின்றன. இதே கதையை 2000ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கொண்டுபோய், ஜீன் ஹாக்மேனையும் மார்கன் ஃப்ரீமேனையும் வைத்து ஆங்கிலத்தில் எடுத்தார். அதில் விசாரிக்கும் அதிகாரியே ஃப்ளாஷ்பேக்குக்குள் நடந்துபோய் நிற்பார். பார்க்கப் புதுமையாக இருந்தாலும், அறைக்கு வெளியே அடிக்கடி போய்வரும் வசதி பார்வையாளருக்குக் கிடைத்துவிட்டதால் மூலப்படத்தின் மூச்சுத்திணறல் அதில் இல்லை என்பது என் கருத்து. ஜுசெப்பே தொர்னத்தோரே 1994இல் எடுத்த ‘உனா பூரா ஃபொர்மலிதா’ என்ற படமும் இந்த வகையைச் சேர்ந்ததே: கூரை ஒழுகும் ஒரு ஸ்டேஷன், மழையில் ஓடிவந்து பிடிபட்ட எழுத்தாளர், அவருடைய நூல்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் இன்ஸ்பெக்டர். அதன் முடிவை நான் சொல்லப்போவதில்லை.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் கதைகளைவிட எச்சரிக்கையானது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் சொன்னது. இப்போதைய பாரதிய சாக்‌ஷிய அதினியமும் 23ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. அந்த வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைச் சார்ந்த பகுதி மட்டும் ஏற்கப்படும். அதாவது, உங்கள் கதாநாயகர் இடைவேளைக்குப் பின் வெற்றிப் புன்னகையோடு வாங்கும் அந்த ஒப்புதல், கோர்ட்டில் முதல் நாளிலேயே செல்லாக்காசு. அடித்தால் மட்டுமே கட்டாயம் என்றும் நினைக்க வேண்டாம். ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி, போலீஸார் எழுத்தில் கொடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த வழக்கில், 1978இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, மனத்தளவிலான நெருக்கடியையும், சூழலின் அச்சுறுத்தலையும், ஆளைக் களைப்படையச் செய்யும் ஓயாத கேள்விகளையும் கட்டாயப்படுத்தலாகவே கருதியது. காலியேனின் அறையை அப்படியே எடுத்து வைத்ததுபோல் இருக்கிறது அந்த வரையறை. உண்மை கண்டறியும் ஊசியை உங்களில் சிலர் இன்னமும் கதையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சம்மதமின்றி அதைச் செய்வது அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது.

பிரான்சிலும் இந்த அறை பிறகு மாறியது. 1981இல் மார்த்தினோவுக்குப் பக்கத்தில் வக்கீல் உட்கார வழியே இல்லை. 2010இல் அந்நாட்டு அரசமைப்பு மன்றம் அதுவரையிலான காவல் நடைமுறையை நிராகரித்த பின்பு, 2011ஆம் ஆண்டின் சட்டம்தான் விசாரணை நடக்கும்போதே வக்கீல் உடனிருக்க வழிசெய்தது. மூன்றாவது நாற்காலி ஒன்று அந்த மேசையருகே போடப்பட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

தமிழில் யாரும் முயலவில்லை என்று சொல்ல வரவில்லை. வெற்றிமாறனின் ‘விசாரணை’, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி வதைக்கப்படும் தொழிலாளர்களின் கதை, மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து பிறந்தது. அது உடலின் வலியைச் சொன்ன படம். ஆனால் அதைக் கைதட்டி வரவேற்ற பிறகும், கழிவறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வரும் கைதியை நகைச்சுவையாகக் காட்டும் வசனங்கள் நம் படங்களில் நின்றபாடில்லை. சாத்தான்குளத்தில் 2020இல் நடந்ததற்குப் பின்பும் அரங்கில் அதற்குச் சிரிப்பு எழுகிறது என்றால், சிரிப்பவர்களை மட்டும் குறை சொல்லி நீங்கள் விலகிக்கொள்ள முடியாது.

எனவே கேட்கிறேன். அடுத்த கதையில் அந்த ஒப்புதலை இடைவேளைக்கு முன்பே கொண்டுவந்துவிடுங்கள். அது உண்மையா என்ற ஐயத்தைப் பின்பாதி முழுவதும் எங்களைச் சுமக்க விடுங்கள். அவன் சொல்வதற்கெல்லாம் ஃப்ளாஷ்பேக் போட்டுச் சான்றிதழ் தராதீர்கள். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியை ஆலோசகராக வைத்துக்கொள்ளும் வழக்கம் உங்களிடம் இருக்கிறது. அதே மேசையில், செஷன்ஸ் கோர்ட்டில் குற்றம்சாட்டப்பட்டவர் தரப்புக்கு வாதாடிப் பழகிய ஒரு வக்கீலையும் உட்கார வையுங்கள். சி.பி.ஐ., என்.ஐ.ஏ. போன்ற அமைப்புகளின் அலுவலகங்கள் உட்பட, விசாரணை நடக்கும் இடங்களிலெல்லாம் ஒலியும் பதிவாகும் கேமராக்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கதையின் அறையில் அந்தக் கேமரா எங்கே இருக்கிறது, அந்த இரவில் அது ஓடிக்கொண்டிருந்ததா, ஓடவில்லையென்றால் ஸ்டேஷன் ரைட்டர் அதற்கு என்ன காரணம் எழுதி வைத்தார் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களின் பார்வையாளன்